நக்கீரர் ஊருக்கு அரிவாள் வந்த கதை

2008-ல் ‘சுப்ரமணியபுரம்’ படத்தை இயக்கி, அதில் பரமனாகவும் நடித்தவர் சசிகுமார். 2025 மே முதல் தேதி வெளியான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் அதே சசிகுமார், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இலங்கையிலிருந்து படகேறி வந்து, சென்னையில் யாருக்கும் தெரியாமல் குடியிருக்கும் தர்மதாஸ். முதல் படத்தில் அவர் கையில் அரிவாள். இந்தப் படத்தில் தெருவில் ஒரு மூதாட்டி இறந்துபோனால் முதல் ஆளாகப் போய் நின்று காரியங்களைக் கவனிக்கிறார். ஆள் ஒருவர்தான். நடுவில் ஓடியது பதினேழு வருஷம். அந்தப் பதினேழு வருஷத்தையும், அதற்கு முந்தைய ஒரு நாற்பது வருஷத்தையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் விமர்சகன் இல்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கும் திண்டுக்கல்காரன். என்.வி.ஜி.பி., சோலைஹால் என்று சொன்னாலே நம் வயதுக்காரர்களுக்குத் தரை டிக்கெட் ஞாபகம் வந்துவிடும். இப்போது மகன் செல்போனிலேயே சீட் எடுத்துக் கொடுத்துவிடுகிறான். படம் மட்டும் நானேதான் பார்க்க வேண்டியிருக்கிறது!

திண்டுக்கல்லைப் பற்றிப் பேசப் புகுந்து மதுரையைப் பற்றியே அதிகம் சொல்கிறேனே என்று இளையவர்கள் நினைக்கலாம். 1985 செப்டம்பரில் தனி மாவட்டம் ஆகும்வரை நாமெல்லாம் மதுரை ஜில்லாதான். தேனி அதற்குப் பிறகும் பல வருஷம் மதுரையோடுதான் இருந்தது. சினிமாக்காரர்களுக்கு இந்தப் பிரிவினையெல்லாம் இன்றுவரை தெரியாது. திண்டுக்கல், தேனி, உசிலம்பட்டி, சிவகங்கை எல்லாமே அவர்களுக்கு ‘மதுரைப் பக்கம்’. ஆகவே மதுரைக்குத் திரையில் என்ன பெயர் வாங்கிக் கொடுத்தார்களோ, அதில் நமக்கும் பங்கு உண்டு.

அந்தப் பெயர் முதலில் எப்படி இருந்தது? ‘திருவிளையாடல்’ 1965-ல் வந்தது. மதுரை என்றால் பாண்டியன் சபை. அங்கே நடக்கும் பெரிய சண்டை எதைப் பற்றி? ஒரு பாட்டில் பொருட்குற்றம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி. நக்கீரராக வந்தவர் படத்தின் இயக்குநர் ஏ.பி.நாகராஜனே. தருமியாக நாகேஷ். சிவபெருமானாக வந்த சிவாஜி நெற்றிக்கண்ணைத் திறந்த பிறகும் அந்தப் புலவர் தன் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம் வந்த ‘பூம்புகா’ரிலும் மதுரை ஒரு நீதி வழக்கு நடக்கும் இடம், தவறு செய்த அரசன் அங்கேயே உயிரை விடுகிறான். ரத்தமும் நெருப்பும் அந்தக் கதைகளிலும் இருந்தன. ஆனால் தமிழும் நியாயமும்தான் மதுரையின் அடையாளம். 1952-ல் மதுரை தங்கம் தியேட்டர் ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்டதைச் சொல்லிச் சொல்லி என் தகப்பனார் பெருமைப்படுவார். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று அதற்குப் பேர். அங்கேயும் ஜனங்கள் கைதட்டியது வசனத்துக்கு.

1977-ல் ‘16 வயதினிலே’. அல்லிநகரத்துப் பாரதிராஜா, பண்ணைப்புரத்து இளையராஜா. இரண்டும் அப்போது மதுரை ஜில்லா. ஸ்டூடியோவில் கட்டிய கிராமத்தை விட்டுவிட்டு நிஜ ஊருக்குள் கேமராவைக் கொண்டுபோன படம் என்று எல்லோரும் எழுதுவார்கள், எழுதட்டும். நான் கவனிக்கச் சொல்வது வேறு. அந்தப் படத்தின் ரௌடியான ரஜினிகாந்தின் பரட்டை என்ன வேலை செய்கிறான்? வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்து வம்பு பேசுகிறான். கடைசியில் சப்பாணி அவனைக் கொல்வது ஒரு கல்லால். அரிவாள் இன்னும் நம் ஊருக்கு வந்து சேரவில்லை.

இல்லை, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரிவாள் நம் வீடுகளில் எப்போதும் உண்டு. தேங்காய் வெட்ட, விறகு பிளக்க, வேலி முள் கழிக்க. கருப்பசாமி கையில் உண்டு. நேர்த்திக்கடனாக ஆளுயர அரிவாள் அடித்துக் கோயிலில் நட்டுவைப்பவர்கள் உண்டு. திருப்பாச்சேத்திப் பட்டறைக்காரர்கள் அதைத் தொழிலாகவே செய்தார்கள். நம்முடைய ஊர் இரும்பு பெரும்பாலும் பூட்டாகப் போனது. வீட்டில் இருக்கும் ஒரு சாமானை, ஒரு சீமையின் குணமாக மாற்றியதுதான் சினிமா செய்த வேலை.

அந்த வேலை எப்போது ஆரம்பித்தது என்று ஒரு தேதியைக் குறிக்கச் சொன்னால் நான் 1992 தீபாவளி என்பேன். ‘தேவர் மகன்’. அருமையான படம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சிவாஜி, கமல், ரேவதி என்று ஒவ்வொருவரும் உச்சத்தில் இருந்தார்கள். கமல் எழுதிய கதை போய்ச் சேர விரும்பிய இடம், இந்த வெட்டுக்குத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பது. ஆனால் தியேட்டரிலிருந்து வெளியே வந்தவர்கள் கையோடு எடுத்துக்கொண்டு போனது மீசையையும் பாட்டையும். கல்யாண வீட்டுக் குழாய் ரேடியோவிலும் திருவிழாவிலும் அந்தப் பாட்டு எந்தத் தெரு முன்னால் சத்தமாக வைக்கப்பட்டது, ஏன் வைக்கப்பட்டது என்பது இந்தச் சீமையில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படத்தை எடுத்தது என்னவோ பொள்ளாச்சிப் பக்கம்!

அந்தப் படத்தில் வடிவேலு இசக்கியாக வருவார். முதலாளி வீட்டுப் பிள்ளை கேட்டுக்கொண்டார் என்று பூட்டிக் கிடந்த கோயிலின் பூட்டை உடைப்பார். அதற்காக அவர் கையை வெட்டிவிடுவார்கள். (திண்டுக்கல் பூட்டாக இருந்திருந்தால் உடைந்திருக்காது, கையும் தப்பியிருக்கும் என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சொல்வார்.) 1992-ல் நாங்கள் எல்லோரும் இசக்கிக்காக ஒரு நிமிஷம் பாவப்பட்டுவிட்டு, பெரிய வீட்டுக்காரர்களின் துக்கத்துக்குத் திரும்பிவிட்டோம். இசக்கிக்கு ஒரு வீடு இருந்திருக்கும், பெண்டாட்டி பிள்ளை இருந்திருக்கும் என்று யோசிக்க முப்பது வருஷம் ஆயிற்று. 2023-ல் வந்த ‘மாமன்ன’னின் நாயகன் அந்த இசக்கிதான் என்று மாரி செல்வராஜ் கமல் முன்னிலையிலேயே மேடையில் சொன்னார். நடித்தவரும் அதே வடிவேலு. ‘மாமன்னன்’ முழுக்க எனக்குப் பிடித்த படமில்லை; பிற்பாதியில் தேர்தல் கணக்கெல்லாம் வேகவேகமாக முடிகிறது. ஆனால் மகன் உட்கார்ந்து பேசும் இடத்தில் தான் நின்றுகொண்டே இருக்கும் அந்த அப்பாவை வடிவேலு செய்திருக்கும் விதத்துக்கு இணை சொல்ல எனக்கு யாரும் தோன்றவில்லை.

2000-க்குப் பிறகு நடந்தது வியாபாரம். இதற்கு ஒரு நல்ல உதாரணம் ‘கில்லி’. 2004-ல் வந்த அந்தப் படம், 2003-ல் வந்த ‘ஒக்கடு’ என்ற தெலுங்குப் படத்தின் மறுஆக்கம். தெலுங்கில் வில்லன் கர்னூல்காரன். ராயலசீமா என்றால் கோஷ்டிச் சண்டை, நாட்டு வெடிகுண்டு என்று அங்கே அவர்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. தமிழுக்குக் கொண்டுவரும்போது கர்னூலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மதுரையை வைத்தார்கள். இரண்டு படத்திலும் வில்லன் பிரகாஷ்ராஜேதான். ஊர் மட்டும் மாறியது. கர்னூல்காரனின் குணம் அப்படியே முத்துப்பாண்டிக்கு வந்து சேர்ந்தது. நாமும் விசிலடித்தோம். 2024 ஏப்ரலில் மறுபடி வெளியிட்டபோது பேரப்பிள்ளைகளும் போய் விசிலடித்துவிட்டு வந்தார்கள். படம் இன்றைக்கும் விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வில்லன் நம் ஊர்க்காரன் அல்ல. ஆந்திராவிலிருந்து தத்து எடுத்த பிள்ளை.

அதன் பிறகு ‘மதுர’, ‘திருப்பாச்சி’, ‘சண்டக்கோழி’ என்று வரிசை. வருஷத்துக்கு நாலு படமாவது டாட்டா சுமோவும் அரிவாளுமாக வந்தன. உத்தியோக நிமித்தம் வட மாவட்டங்களில் இருந்த வருஷங்களில் இதன் பலனை நானே அனுபவித்தேன். வீடு பார்க்கப் போனால், “எந்த ஊர் சார்?” “திண்டுக்கல்.” “ஓ, மதுரைப் பக்கமா…” என்று ஒரு இழுப்பு. ஒருவர் வாடகை அட்வான்ஸை வாங்கிவிட்டு, மறுநாள் காலை திருப்பிக் கொடுத்தார். காரணம் கேட்டதற்குச் சிரித்தார். அலுவலகத்தில் கையெழுத்து தாமதமானால், “சாரைக் கோபப்படுத்தாதீங்கப்பா, பையில அருவா வச்சிருப்பாரு” என்பார்கள். என் பையில் இருந்தது எலுமிச்சை சாதமும் நிலக்கோட்டை மல்லிகை பற்றி நான் எழுதிக்கொண்டிருந்த ஒரு குறிப்பும்.

“சினிமாதானே, விடுங்க” என்று சொல்பவர்கள் உண்டு. வேறு எந்த ஊர்க்காரர் அப்படிச் சொன்னாலும் சொல்லலாம், திண்டுக்கல்காரர் சொல்லக் கூடாது. 1973 மே 11 அன்று ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. ஒன்பது நாள் கழித்து, மே 20-ல் நம் ஊர் நாடாளுமன்ற இடைத்தேர்தல். ஆரம்பித்து ஏழே மாதமான அண்ணா தி.மு.க.வின் மாயத்தேவர் இரட்டை இலையில் ஜெயித்தார். ஆளுங்கட்சி மூன்றாம் இடத்துக்குப் போனது. அப்போது எனக்குப் பதினெட்டு வயது, ஓட்டுப்போட இருபத்தொன்று ஆக வேண்டும். ஆனால் படத்தையும் பார்த்தேன், தெருவையும் பார்த்தேன். திரையில் பார்த்த முகம் ஜனங்களை என்ன செய்யும் என்று நேரில் பார்த்த ஊர் இது.

இந்த இடத்தில் ‘சுப்ரமணியபுர’த்துக்கு நியாயம் செய்துவிட வேண்டும். அது 1980-ம் வருஷத்து மதுரையைக் காட்டும் படம். நிஜ மதுரை அதற்குள் ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டதால் பல காட்சிகளை நம் திண்டுக்கல்லில் எடுத்தார்கள். நம் தெருக்கள் முப்பது வருஷம் பின்தங்கி இருந்ததற்குக் கிடைத்த பரிசு! அந்தப் படம் அரிவாளைக் கொண்டாடவில்லை. வேலையில்லாத நாலு பையன்கள்; அவர்களை ஏவி ஒரு கொலையைச் செய்யவைத்துவிட்டு, ஜெயிலுக்குப் போனதும் கைகழுவிவிடும் ஒரு அரசியல் குடும்பம். அரிவாளை யார் கையில் எடுத்துக் கொடுக்கிறார்கள், யார் சாகிறார்கள் என்று அவ்வளவு தெளிவாகச் சொன்ன படம் அதற்கு முன் இல்லை. ‘பருத்திவீர’னும் தண்டனையைச் சொல்லும் படம்தான். ப்ரியாமணிக்குத் தேசிய விருது தகும். ஆனால் அந்தக் கடைசிக் காட்சியை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை, இன்றும் பார்க்க மாட்டேன். பாலா, அமீர், சசிகுமார் மூவரையும் மதுரைக்காரர்களாக வைத்து நன்றி சொல்லித்தான் அனுராக் காஷ்யப் 2012-ல் ‘கேங்ஸ் ஆஃப் வாசிப்பூர்’ எடுத்தார். பீகார், ஜார்க்கண்ட் வரைக்கும் நம் பெயர் போயிற்று. பின்னால் வந்தவர்கள் இந்தப் படங்களிலிருந்து எடுத்துக்கொண்டது தாடி, லுங்கி, அரிவாள் மூன்றையும்தான். கதையை விட்டுவிட்டார்கள்.

இந்த மோகத்தைச் சரியாகக் கேலி செய்தவர் ஒரு மதுரைக்காரர்தான். கார்த்திக் சுப்பராஜின் ‘ஜிகர்தண்டா’ (2014). சென்னைப் பையன் ஒருவன் ரௌடிப் படம் எடுக்க ஆசைப்பட்டு, நிஜ ரௌடியைத் தேடி மதுரைக்கு வருகிறான். கடைசியில் அந்த ரௌடியே கோமாளியாகிறான். கோடம்பாக்கம் நம்மை எப்படிப் பார்க்கிறது என்று இதைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

அந்தக் காலத்திலேயே நம் மாவட்டத்தை ஒழுங்காகக் காட்டிய படம் ஒன்று உண்டு. சுசீந்திரனின் ‘வெண்ணிலா கபடி குழு’, 2009 ஜனவரி. பழனிப் பக்கத்துக் கிராமம். ஒரு போட்டியிலாவது ஜெயித்துவிட மாட்டோமா என்று ஏங்கும் கபடி குழு. ஆடு மேய்க்கும் நாயகன். வசனம் தேனிக்காரரான பாஸ்கர் சக்தி. எல்லோரும் பரோட்டா சூரியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சுத்தான் பெரிது. நம் மாவட்டத்தில் நிலக்கோட்டைக்காரர் பேச்சு ஒன்று, பழனி, ஒட்டன்சத்திரத்துக்காரர் பேச்சு வேறொன்று. அங்கே கொங்கு வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். சினிமாவில் இந்த வித்தியாசம் கேட்பது அபூர்வம். ஊர்ப் பெயரையே தலைப்பில் வைத்து 2008-ல் வந்த ‘திண்டுக்கல் சாரதி’யோ மலையாளத்து ‘வடக்குநோக்கியந்திர’த்தின் மறுஆக்கம். தாழ்வு மனப்பான்மையால் அவதிப்படும் புருஷன் கதை. சிரிக்கலாம், திண்டுக்கல் அதில் பேருக்குத்தான்.

இதையெல்லாம் எழுதும்போது, நம் பக்கம் எல்லோரும் சாதுக்கள், சினிமாக்காரர்கள்தான் கெடுத்தார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பட்டப்பகலில் சங்கர் என்ற இளைஞர் வெட்டப்பட்டதை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். சாதி மாறிக் கல்யாணம் செய்தது குற்றம். பெண் வீடு நம் பழனி. அந்தக் கேமராப் பதிவில் பின்னணி இசை கிடையாது, ஸ்லோமோஷன் கிடையாது. சில நொடிகளில் முடிந்துவிட்டது. திரையில் இருபது வருஷமாகக் கைதட்டிப் பார்த்த அரிவாள் நிஜத்தில் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரியில் அரிவாளால் பிறந்தநாள் கேக் வெட்டி, கூட்டமாகப் பிடிபட்டவர்கள் இருந்தது சென்னைக்குப் பக்கத்தில் மலையம்பாக்கத்தில். மதுரையில் இல்லை. சினிமா நம் பெயரில் செய்த சரக்கை எங்கே கொண்டுபோய் விற்றது பாருங்கள்.

அதே 2018 செப்டம்பரில் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. திருநெல்வேலிக் கதை. எனக்கு அதில் மிகவும் பயம் கொடுத்தவர் ஒரு பெரியவர். பார்த்தால் யார் வீட்டுத் தாத்தாவோ என்று தோன்றும். அரிவாள் கிடையாது, உறுமல் கிடையாது. ஒவ்வொரு கொலையையும் விபத்து மாதிரி செய்துவிட்டு, சாமி காரியம் செய்த திருப்தியோடு போகிறார். அரிவாளையே பார்த்துக்கொண்டிருந்ததில் இந்த மனிதரை நாம் இத்தனை வருஷம் பார்க்காமலே விட்டுவிட்டோம். கடைசியில் நாயகன் யாரையும் வெட்டவில்லை. பெண்ணின் தகப்பனாரோடு உட்கார்ந்து பேசுகிறான். மேஜைமேல் இரண்டு தம்ளர், நடுவே ஒரு மல்லிகைப் பூ.

2022-ல் உசிலம்பட்டி மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’. உசிலம்பட்டி என்றதும் சினிமாவில் எதைக் காட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இவர் காட்டியது எண்பது தாண்டிய ஒரு சம்சாரியை. குலசாமிக்குப் படைக்க நெல் விளைவிக்கிறார். நடுவில் மயிலைக் கொன்றதாகப் பொய் வழக்கு. பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமே என்பது மட்டும்தான் கோர்ட்டில் அவருடைய கவலை. நடித்த நல்லாண்டி நிஜ விவசாயி. படம் வெளியாவதைப் பார்க்காமலே போய்விட்டார். தேசிய விருதுக் குழு அவர் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டது. நம் வயதுக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம்; மெதுவாகப் போகிறதே என்று எழுந்துவிடாதீர்கள்.

2024 ஆகஸ்டில் வந்த ‘கொட்டுக்காளி’ கொஞ்சம் கஷ்டமான படம். மேலூர்ப் பக்கத்து வினோத்ராஜ் எடுத்தது. பெர்லின் விழாவுக்குப் போய் வந்தது. பின்னணி இசையே கிடையாது. கீழ்ச்சாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள். கூடவே ஒரு சேவலும் காலைக் கட்டிப்போட்டபடி வருகிறது. அன்று பரோட்டா தின்று சிரிக்க வைத்த சூரி இதில் பெண்கள் என்றும் பார்க்காமல் எல்லோரையும் அடிக்கிற முறைமாமன். ஒரு இடத்தில் வழியை மறித்துக்கொண்டு காளை நிற்கும். வண்டியில் வந்த அத்தனை வீரர்களும் கிட்டே போகப் பயந்து நிற்பார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போவாள். நக்கீரர் சொன்ன மாதிரி குற்றம் குற்றம்தான் என்று நான் கைதட்டியது அங்கேதான். முடிவு புரியவில்லை என்று வீட்டில் சண்டைக்கு வந்தார்கள். முடிவை நம்மிடமே விட்டுவிட்டார் என்றேன். “அப்புறம் அவருக்கு எதுக்கு டிக்கெட் காசு?” என்றாள் வீட்டம்மா.

அதே வருஷம் பிப்ரவரியில் மலையாளத்துக்காரர்கள் நம் மாவட்டத்துக்குள் வந்து ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ எடுத்துக்கொண்டு போனார்கள். கொடைக்கானல் குணா குகை. 2006-ல் நிஜமாக நடந்த சம்பவம். 1991-ல் கமல் ‘குணா’ எடுத்ததால்தான் அந்தக் குகைக்கு அந்தப் பெயர். அதன் பாட்டு மறுபடி ஒலித்தபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் எழுந்து நின்றன. படத்தில் நம் போலீஸை நல்லவிதமாகக் காட்டவில்லை. ஆனால் ஒரு தோழனைக் குழியிலிருந்து தூக்குவதையே முழுக்கதையாக வைத்துக்கூட தியேட்டரை நிரப்ப முடியும் என்று காட்டினார்கள்.

சசிகுமாருக்கு வருகிறேன். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்கு முன்னால், 2023 மார்ச்சில் ‘அயோத்தி’ வந்தது. தீபாவளிக்கு ராமேஸ்வரம் வந்த வடநாட்டுக் குடும்பம். வழியில் விபத்து, தாய் இறந்துவிடுகிறாள். பாஷை தெரியாது, பண்டிகை நாள், ஆபீஸ் எல்லாம் மூடல். உடலை மதுரையிலிருந்து விமானத்தில் ஊருக்கு அனுப்ப வேண்டும். இதற்கு எத்தனை கையெழுத்து, எத்தனை சான்றிதழ் வேண்டும் என்பதுதான் படம். முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு தடையில்லாச் சான்றுக்காக ஒரு கதாநாயகன் ஓடுவதை நான் இதற்கு முன் திரையில் பார்த்ததில்லை. கையில் அரிவாள் இல்லாமல், ஒரு கோப்பை வைத்துக்கொண்டு மதுரை வீதிகளில் ஓடுகிறார். அந்த மனிதர் யார், பெயர் என்ன என்பதைக்கூடப் படம் முடியும்போதுதான் சொல்கிறார்கள். பார்க்காதவர்களுக்காக நானும் சொல்லாமல் விடுகிறேன்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையையும், சின்னாளபட்டித் தறியையும், பூட்டுப் பட்டறையையும் வைத்து இன்னும் ஒருவரும் படம் எடுக்கக் காணோம். கேட்டால், அதில் என்ன சார் சண்டை இருக்கிறது என்பார்கள். சந்தையில் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு நாள் நின்று பார்த்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

‘சுப்ரமணியபுரம்’ படப்பிடிப்பை நம் ஊரில் நேரில் பார்த்தவர்கள், கூட்டத்தில் நின்று நடித்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். எந்தத் தெரு, எந்த வீடு என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பாதி வீடுகளை இடித்துவிட்டார்கள்.